மீதி எழுத்து

முள்விளையில் ஒரு பிள்ளையின் வயதைக் கேட்டால், சுவரில் எழுத்து வந்த வருஷத்துக்கு முந்தின பிள்ளை, பிந்தின பிள்ளை என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த எழுத்தை எழுதியவள் எப்சிபா. அவள் எழுதியது தன் வீட்டு மேசையில், தன் நோட்டில், தனக்காக மட்டும். அது ஊருக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவளைத் தவிர ஊரில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எப்சிபாவுக்கு மழை அளக்கும் வேலை. ஊருக்கு மேற்கே, பயணியர் விடுதி வளாகத்தில், கம்பிவேலிக்குள் நட்டிருந்த மழைமானியைத் தினமும் காலை எட்டரை மணிக்குத் திறந்து பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதி, கேட்டருகே மாட்டியிருந்த கரும்பலகையிலும் ஊர் பார்க்க எழுதிப்போட வேண்டும். செம்மணல் தேரி மேட்டில் உடைமரம் தவிர வேறொன்றும் தழைக்காத அந்த ஊரில் வருஷத்துக்கு முந்நூறு நாளும் 'மழை இல்லை' என்றே எழுதவேண்டியிருந்தாலும், மழை பெய்த நாளைப் போலவே அக்கறையாக, ழகரத்தின் வாலை நீளமாக இழுத்து எழுதுவாள். ஐம்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. சாயர்புரம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் வேலை மாற்றலாகி வந்தவள். ஊரில் அவளைத் தெரியாதவர் கிடையாது, மழைக்காரம்மா என்றால் கைகாட்டுவார்கள். ஆனால் அவள் வீட்டுக்குள் போனவரும் கிடையாது. அதற்கு விரோதமோ சண்டையோ காரணமில்லை. முதல் வருஷம் யாரும் போகவில்லை, இரண்டாம் வருஷம் போக ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதற்குப் பிறகு அது அப்படியே பழகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, மேசையில் உட்கார்ந்து மைப்பேனாவைத் திறந்து அன்றைக்கு நடந்ததை இரண்டு வரியோ மூன்று வரியோ எழுதுவாள். நடந்தது என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் எழுதி முடித்து மூடியைத் திருகும்போது, யாரிடமோ பேசிவிட்டு எழுந்திருப்பதைப் போல இருக்கும்.

ஓர் ஆடி மாதம், மண்ணை அள்ளி வீட்டுக்குள் கொட்டும் காற்றில், ஜன்னலைச் சாத்தப் போனவள் திரும்புவதற்குள் பேனா மேசையில் உருண்டு சிமெண்டுத் தரையில் தலைகீழாக விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நடுவே பிளந்த நிப்பின் இரண்டு கால்களில் ஒன்று மேலே தூக்கிக்கொண்டிருந்தது, ஒன்று கீழே இறங்கியிருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு எழுதினாள். தாளில் எழுத்து விழுந்தது, ஆனால் தலைமுடி போல, வெளிறிப்போய், பாதிக் கனத்தில் விழுந்தது. மை மிகுந்த மீதிப் பாதி நோட்டில் எங்கும் இல்லை.

அந்த மீதி அரிசி மில்லின் பக்கச் சுவரில் இருந்தது.

'காற்று நிற்கவில்லை. பேனா விழுந்துவிட்டது' என்று ஆள் உயரத்துக்கு, நீலக் கறுப்பில், ஈரம் காயாமல் இருந்தது. மில்லுக்காரர் ஏதோ கட்சிக்காரர்கள் வேலை என்று சத்தம் போட்டுவிட்டு மறுநாளே வெள்ளையடித்தார். அன்று சாயங்காலம் 'இன்று தோசை மாவு புளித்துவிட்டது' என்கிற வரி அவர் கட்டியிருந்த வேட்டியிலேயே வந்தது. அதற்குப் பிறகு அவர் சுவரைத் தொடவில்லை. எழுத்து வெள்ளையாக எது கிடைத்தாலும் அதில் வந்தது. சலூன் செல்லப்பா ஆளுக்குப் போர்த்தியிருந்த துணியில் வந்தது, கால் முறிந்து கட்டோடு படுத்திருந்தவரின் மாவுக்கட்டில் வந்தது, மேய்ந்துகொண்டிருந்த வெள்ளை ஆட்டின் விலாவில் வந்தது, சர்ச்சில் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த குழந்தையின் கவுனில் வந்தது. போதகர் அதை மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டுத் தண்ணீரைத் தொட்டார்.

யார் எழுத்து என்று கண்டுபிடிக்க ஊருக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு வருஷம் கரும்பலகையில் பார்த்த ழகரம்தான். ஆனாலும் அவளிடம் போய் யாரும் சொல்லவில்லை, அவள் வருவது தெரிந்தால் எழுத்து வந்ததை மடித்தோ மறைத்தோ நின்றுகொண்டார்கள். முதல் வாரம் கூச்சத்தில் சொல்லவில்லை, இரண்டாம் வாரம் இவ்வளவு நாள் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை. மூன்றாம் வாரம் ஆனபோது, சாயங்காலம் ஆறு மணிக்கு வெள்ளைத் துணிகளைக் கொடியில் விரித்துவிட்டுக் காத்திருப்பது ஊருக்கு வழக்கமாகிவிட்டது. எவர் வீட்டில் வந்ததோ அவர்கள் மற்றவர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்கள். 'மழைக்காரம்மாவுக்கு இன்னைக்கு முட்டு வலியாம்' என்று ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் சொன்னால், 'நேத்தே எழுதியிருந்தாவளே' என்று இன்னொருத்தி சொல்வாள். மறுநாள் எப்சிபா வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது தைலக் குப்பி ஒன்று யார் வைத்ததென்று தெரியாமல் மதில்மேல் இருக்கும். காய்ச்சல் என்று எழுதினால் மாத்திரை அட்டை இருக்கும். ஒரு பாட்டைச் சின்ன வயதில் கேட்டது, இன்னொரு தரம் கேட்கவேண்டும்போல இருக்கிறது என்று எழுதிய வாரத்தில் பாடகர் குழு அதைப் பாடியது. எப்சிபா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கர்த்தர் தன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று அழுதாள். அன்றைக்கு எழுதியது நீளமாகி, ஐந்து வீடுகளின் படுக்கை விரிப்புகளில் துண்டு துண்டாக வந்தது. அந்த விரிப்புகளை வெகுநாள் யாரும் வெளுக்கவில்லை.

ஆனால் கதவைத் தட்டி யாரும் வரவில்லை. தினமும் அவளை வாசித்தவர்களுக்குத் தினமும் அவளைப் பார்த்துவிட்ட திருப்தி இருந்தது.

எப்சிபாவுக்கோ தான் எழுதியதைத் தானே வாசிக்கமுடியவில்லை. பதிவேட்டைப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிச் சமாளித்துவிட்டாள். நோட்டில் அந்தப் பேனாவை வைத்தால் எண்கள்தான் வந்தன, சொற்கள் வரவில்லை. எனவே நிப்பைச் சரிசெய்ய ஆள் தேடிப் புறப்பட்டாள். நாகர்கோவிலில் பேனாக் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், 'இத யாரும்மா இப்பப் போட்டு ஒட்டுவா? புதுசு வாங்கிட்டுப் போங்க' என்றார். திருநெல்வேலியில் ஒருவர் ஒரு வார்த்தை கேட்காமல் குறடை எடுத்துப் பிடித்து ஒரே நெருக்காக நெருக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் நோட்டில் எழுத்து இன்னும் வெளிற, ஊரில் ஒரே வரி இரண்டு வீடுகளில் வந்து, எங்கள் வீட்டில் வந்ததுதான் அசல் என்று இரண்டு வீட்டுக்காரர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தூத்துக்குடிக்காரர் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, நன்றாக எழுதும் பேனாவாகத் திருப்பித் தந்தார். முதல் எழுத்திலேயே எப்சிபாவுக்குக் கை சொல்லிவிட்டது. அது அவள் நிப்பு இல்லை. மூன்று தரம் பஸ் ஏறிப்போய்ப் பழையதை ஒரு டப்பாவின் அடியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலம், 'ஒரு நிப்பை நம்பிக் கொடுக்க இந்தச் சீமையில் ஓர் ஆள் கிடையாதா?' என்று எழுதினாள்.

அது சலூன் துணியில் வந்தது. கிருதாவைப் பாதியில் நிறுத்திவிட்டுச் செல்லப்பா அதை உரக்க வாசித்தார்.

"கோயில்பட்டியில ஒரு ஆளு இருக்காரு," என்றார். "பல்செட்டு கட்டுதவரு. எங்க மாமாவுக்குப் பல்லு கட்டுனப்போ பாத்தேன், மேசையில ஏழெட்டுப் பேனா கெடந்துது. பல்ல ராவுத கையி, நிப்பையும் ராவும்னாரு."

"சொல்லிராதியும்," என்றார் நாற்காலியில் இருந்தவர். "நிப்பு சரியாயிட்டுன்னா எழுத்து நின்னுரும்லா."

 ஆறு மணிக்குப் பிறகு என்ன செய்வோம் என்று பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்தார்கள். மூன்று நாள் ஊர் முழுக்க அதே பேச்சு. நாலாம் நாள் காலையில் எப்சிபாவின் கேட்டில், எழுத்து யாருடையதென்று தெரியாதபடி அச்செழுத்துப் போலக் கட்டம் கட்டமாக எழுதி, கோவில்பட்டி விலாசம் ஒன்று செருகியிருந்தது.

வேலாயுதபெருமாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மாடி அறையில் சுற்றிவர வெள்ளை மாவில் வார்த்த தாடைகள் வரிசையாக இருக்க, நடுவே ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்சிபா பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"மொதல்ல எழுதிக் காட்டுங்கம்மா."

"எழுத்து சரியா விழமாட்டேங்குது. அதான வந்திருக்கேன்."

"விழாதது எப்படி விழலேன்னு பாக்கணும்லம்மா. பேனாவ எப்படிப் பிடிக்கிறீங்க, எந்தப் பக்கம் சாய்க்கிறீங்க, எம்புட்டு அழுத்துறீங்க, அதெல்லாம் தெரியாம நிப்புல கை வைக்கக்கூடாது. வழக்கமா என்ன எழுதுவீங்களோ அத எழுதுங்க."

இத்தனை ஊர் அலைந்ததில் அவள் கையைப் பார்க்கவேண்டும் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். எப்சிபா நோட்டைத் திறந்து எழுதினாள். தாளில் வெளிறிய ரோமக்கோடு ஓடியது. அவள் நிமிர்ந்தபோது வேலாயுதபெருமாள் மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த ஒரு தாடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்க எழுதுனத நான் வாசிக்கிறதில்லம்மா," என்றார். "ஆனா இது எங்கிட்டயே வந்திருச்சு."

கையை எடுத்தார். மாவுப் பற்களின்மேல், ஈறு முழுக்க, நல்ல நீலக் கறுப்பில், 'பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் என் தோளில் தூங்கினாள். இறங்கும் இடம் வந்தும் அசையாமல் இருந்தேன்' என்று இருந்தது.

எப்சிபா அதைப் பார்த்தாள். பதினோரு மாதமாகக் காணாத தன் எழுத்தை, வாலோடும் சுழியோடும் முழுசாகப் பார்த்தாள். தைலக் குப்பி நினைவு வந்தது. மாத்திரை அட்டை, பாடகர் குழு, தெருவில் அவள் வரும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டு சிரிக்கிற முகங்கள், அச்செழுத்தில் எழுதிய விலாசம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவு வந்தன. முகம் காதுவரை சூடேறியது.  அவர் எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜன்னலருகே போய் அவளுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

"எல்லாத்தையுமா வாசிச்சிருப்பாவ?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. நிப்புல ஒரு காலு உங்க பக்கம் எழுதுது, ஒரு காலு வெளிய எழுதுது. இத்தன நாளா தனித்தனியா நடந்து பழகிருச்சு. சேத்துட்டா மறுபடியும் வெளிய போகாது. சேக்கட்டுமான்னு நீங்கதான் சொல்லணும். இப்பமே சொல்லணும்னு இல்ல."

"சேத்திருங்க."

அவர் நிப்பையும் அதன் அடியில் இருக்கும் நாக்கட்டையையும் கழற்றி வெந்நீரில் போட்டார். பித்தளைத் தகட்டை, வெங்காயச் சருகு கனம்கூட இல்லாத தகட்டை, இரண்டு கால்களுக்கும் நடுவே விட்டு இழுத்தார். நகத்தால் ஒன்றைத் தூக்கினார், ஒன்றை இறக்கினார், கண்ணாடியில் பார்த்தார், திரும்பத் தூக்கினார். அரைமணி நேரம் இப்படியே போனது. பிறகு வழுவழுப்பான தாளில் நிப்பை எட்டு எட்டாகச் சுழற்றிக்கொண்டே, "முழுசா வழுக்கிட்டுப் போகணுமா, கொஞ்சம் பிடிமானம் வேணுமா?" என்று கேட்டார்.

"காகிதம் இருக்குன்னு கைக்குத் தெரியணும்."

"அப்ப இம்புட்டுப் போதும்," என்று நிறுத்தினார்.

எழுதிப் பார்த்தாள். மை கனமாக, ஒழுங்காக, எழுத்தின் கடைசிச் சுழிவரை ஓடியது. மேசையில் இருந்த மற்ற தாடைகள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன.

முள்விளையில் அன்று சாயங்காலம் கொடிகளில் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன, ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மில் சுவரருகே கூட்டம் நின்றது. விலாசம் கொடுத்தது ஊருக்கு நினைவிருந்தும், ஒருவேளை நிப்பு சரியாகாமல் ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்கிற பயம் பெரிதாகி, நாலாம் நாள் ஐந்து மணிக்கு இருபது முப்பது பேராகப் புறப்பட்டு எப்சிபாவின் வீட்டுக்கு வந்து, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கதவைத் தட்டினார்கள்.

எப்சிபா திறந்தாள். முன்னால் பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பமும் சலூன் செல்லப்பாவும் நின்றார்கள்.

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் தங்கபுஷ்பம். "நாலு நாளா எழுத்து வரலியா, அதான்..." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"வாசிச்சியளா?" என்று கேட்டாள் எப்சிபா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எல்லாத்தையும் வாசிச்சியளா?"

"வாசிச்சோம்," என்றார் செல்லப்பா.

"காய்ச்சல்ல கெடந்தேனே, அன்னைக்கு?"

"மாத்திரை கொண்டாந்து வச்சோம்லா யக்கா," என்றாள் தங்கபுஷ்பம்.

"மதில்ல வச்சிய. வச்சிட்டுப் போனிய. அன்னைக்கு எந்திரிச்சு வந்து அத எடுக்கதுக்கு எனக்குக் காலு நிக்கல. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி தர ஒருத்தருக்கும் தோணலியா?"

கூட்டம் தரையைப் பார்த்தது. செல்லப்பா மட்டும் முகத்தைத் திருப்பாமல், மெதுவாக, "உள்ள வந்தா நீங்க எழுதமாட்டியளோன்னு பயமா இருந்துதும்மா," என்றார். "வீட்டுல ஒராளு கூட இருக்க மாதிரி இருந்துது எங்களுக்கு."

"எனக்கு அப்படி இல்லியே," என்றாள் எப்சிபா.

 பின்னால் நின்றவர்கள் முதலில் நகர்ந்தார்கள். பிறகு நடுவில் நின்றவர்கள் போனார்கள். தங்கபுஷ்பம் கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். எப்சிபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் தீர்ந்த இடத்தில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. இனி அவளை வாசிக்கக்கூட ஆள் இல்லை.

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே இன்னும் ஒருத்தி நிற்பதைக் கண்டாள். ஊருக்குத் தெற்கே, தேரி ஓரத்தில், கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு விற்கிற இசக்கி. முழங்கைவரை வெள்ளை ஒட்டியிருந்தது. கூட்டத்தோடு வந்தவளாகத் தெரியவில்லை. கூட்டம் போகட்டும் என்று தள்ளி நின்றிருக்கிறாள்.

"மழைக்காரம்மா, நீங்க கெவுருமெண்டு ஆளுல்லா," என்றாள். "உங்களுக்குத்தான் தெரியும். வீட்ட என்னைக்கு இடிக்கப் போறாவ?"

"யாரு வீட்ட?"

"எங்க வீட்டத்தான். வருசத்துக்குக் கிட்ட ஆச்சு, செவுரு பூரா எழுதிப்போட்டிருக்காவளே. எனக்கு வாசிக்கத் தெரியாது. சுண்ணாம்பு வாங்க வாறவியகிட்ட கேட்டா வாசிச்சிப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுட்டுப் போறாவ. ஒண்ணுமில்லாததுக்கா எம் மூஞ்சியப் பாக்காம போவாவ? அழிக்கவும் பயம். அதான், நாளச் சொல்லிட்டா சட்டி பானையவாவது எடுத்து வெளிய வைப்பேன்."

எப்சிபா செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு நடந்தாள். தெற்கே போகப் போக வீடுகள் குறைந்து மணல் கூடியது. கிளிஞ்சல் சுடும் காளவாசலை ஒட்டி ஒற்றை அறை வீடு. சொந்தச் சுண்ணாம்பில் வருஷந்தோறும் அடித்து அடித்து அந்தப் பக்கத்திலேயே அதுபோல வெளுத்த சுவர் வேறு இல்லை. உள்ளே நுழைந்த எப்சிபா வாசலிலேயே நின்றுவிட்டாள். கூரைக்கு அடியிலிருந்து தரைவரை, நாலு சுவரிலும், ஒன்றின்மேல் ஒன்றாக, பதினோரு மாதம் அவள் எழுதியதில் பாதிக்குமேல் அங்கேதான் இருந்தது. அந்த எழுத்துக்கு நடுவே ஒரு பாய், ஓர் அடுப்பு, ஒரு மண்பானை. ஒருத்தி தினமும் அதற்குள் படுத்து, அதற்குள் எழுந்து, இடிக்கப்போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"வீட்ட யாரும் இடிக்கல," என்றாள் எப்சிபா. "இது நான் எழுதுனது."

"நீங்களா? எங்க வீட்டுல வந்து எதுக்கு எழுதுனிய?"

"நான் எங்க வீட்டுலதான் எழுதுனேன். அது இங்க வந்திருக்கு."

பக்கத்துத் தோட்டத்துப் பூசணிக்கொடி வேலி தாண்டி வந்திருக்கிறது என்று யாரோ சொன்னதைப் போல இசக்கி தலையாட்டிக்கொண்டாள். பிறகு பாயை உதறிப்போட்டு எப்சிபாவை உட்காரச் சொன்னாள். தான் அடுப்படியில் சாய்ந்துகொண்டாள். 

"சரி, வந்தது வந்திட்டு. என்னதான் சொல்லுது? வாசிங்க, கேப்போம்."

வாசல் வழியாக வெயில் சாய்ந்து எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது. எப்சிபா அந்தச் சுவரருகே போய் நின்றாள். தான் எழுதிய எதையும் அவள் வாய்விட்டு வாசித்ததே கிடையாது.

"புதுச் சோப்பு வாங்கினேன். வாசனை நன்றாக இருக்கிறது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது."

"என்ன வாசம்?"

"தாழம்பூ."

"தாழம்பூ தலைவலிக்குமே."

"இது வலிக்கல."

இசக்கி யோசித்துப் பார்த்து, இருக்கும் என்றாள். எப்சிபா அடுத்த வரிக்குப் போனாள். அதை மனசுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டு, விட்டுவிடலாமா என்று நினைத்து, பிறகு வாசித்தாள்.

"இன்று ஞாயிற்றுக்கிழமை. யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை."

"அன்னைக்கு நானும் பேசல," என்றாள் இசக்கி.

"எந்த ஞாயிறுன்னு நான் சொல்லவே இல்லியே."

"எந்த ஞாயிறா இருந்தா என்ன? பேசியிருக்க மாட்டேன்." கையில் காய்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டி உதிர்த்தாள். "அடுத்தத வாசிங்க."